வாசகர் கேள்வி – பதில்: மின்னூலை அழிக்கக் கை கூசுகிறது

கேள்வி: கண்ணில் பட்ட மின்னூல்களையெல்லாம், பெரும்பாலும் இலவசமாகவும் சில வேளைகளில் காசு கொடுத்தும் இறக்கி வைத்ததில், என் டப்லட்டில் அறுநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அவற்றில் பாதி, பத்துப் பக்கம் தாண்ட முடியாத எழுத்து. ஆனாலும், புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்த எனக்கு அவற்றை அழிக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: அழித்துவிடுங்கள், அம்மா. அச்சுப் புத்தகமென்றால் பாடசாலை நூலகத்துக்குக் கொடுத்து மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். காசு கொடுத்த மின்னூலில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாசிக்கும் உரிமம் மட்டுமே என்பதால், அதற்கும் வழியில்லை. ஒரு நாவல் ஓரிரு மெகாபைட்டுக்கு மேல் எடுப்பது அரிதாகையால் இடப் பிரச்சினை எழாது. ஆனால் அறுநூறு தலைப்புகளைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் கண், நல்ல நூல் வந்து சேருமுன் களைத்துவிடும்.

அழிக்குமுன் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும்: மோசமாக எழுதப்பட்டது வேறு, மோசமாக மின்னாக்கப்பட்டது வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய நூல்களிலும், எழுத்துணரி கொண்டு படத்திலிருந்து பெயர்த்த நூல்களிலும், 'கௌரவம்' என்ற சொல்லின் ஔகாரக் குறி ஒற்றைக் கொம்பாகவும் ளகரமாகவும் பிரிந்து 'கெளரவம்' என்று நிற்கும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் அகப்படாது. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் வந்திருக்கும். இவை நூலாசிரியரின் குற்றங்கள் அல்ல. அப்படிப்பட்ட நூல் ஈழத்து எழுத்தாயின், 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய மின்னூலகத்தில் அதன் பக்கங்கள் படமாகவே உண்டா என்று பாருங்கள். இருந்தால் பிழைப்பிரதியை விட்டுவிட்டு அதை வைத்துக்கொள்ளலாம்.

மெய்யாகவே மோசமான எழுத்தை அறிய முழு நூலும் வேண்டியதில்லை. தொடக்கத்தைப் பலரும் மெருகேற்றிவிடுவார்கள். ஆகையால் நான் நடுவில் திறந்து நான்கு பக்கம் வாசிப்பேன். அண்மையில் அப்படித் திறந்த ஒரு நாவலில், முதல் அத்தியாயத்தில் கணவனை இழந்து வெள்ளைச் சேலையோடு அழுத தாய், ஒன்பதாம் அத்தியாயத்தில் அதே கணவனுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுதியவரே திரும்ப வாசிக்காத நூலை நான் ஏன் வாசிக்க வேண்டும்? 2016இன் இறுதியில் அமேசானின் மின்னூல் கடையான கிண்டில் தமிழ் நூல்களை விற்கத் தொடங்கிய பின்னர், பதிப்பாசிரியரின் கண்ணிலோ மெய்ப்பாளரின் கண்ணிலோ படாமலே ஒரு பிரதி கடைக்கு வந்துவிடக் கூடியதாயிற்று. பதிப்பகம் கிடைக்காத நல்ல எழுத்தாளர் சிலருக்கும் அதுவே வாசலாயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனிச் செய்முறை. கிண்டிலில் கருவியிலிருந்து மட்டும் நீக்கினால் நூல் உங்கள் கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். கணக்கிலிருந்தே நீக்கினால் மீண்டும் வாங்கித்தான் பெற வேண்டும். மனம் தடுமாறுபவற்றை முதல் வழியில் நீக்குங்கள். கணினியில் மின்னூல்களை அடுக்கி வைக்கும் கலிபர் மென்பொருளைப் பயன்படுத்துபவராயின் கவனம் தேவை: அது நூலின் பிரதியைத் தன் கோப்புறைக்குள் வைத்துக்கொள்வதால், அங்கே அழித்தாலும் நீங்கள் முதலில் இறக்கிய கோப்பு வேறோர் இடத்தில் கிடக்கும், அதையும் தேடி எடுக்க வேண்டும்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய நூலை, பிடிக்காவிட்டாலும் முடிப்பதுதானே முறை?
– வாசகர், நிலாவெளி

பதில்: உப்புக் கூடிய குழம்பைக் காசு கொடுத்து வாங்கினோம் என்பதற்காகச் சட்டியோடு குடிப்பதில்லையே. காசு போயிற்று, இரவு வாசிப்புக்கு ஒதுக்கும் ஒரு மணி நேரமாவது மிஞ்சட்டும். வாங்குமுன் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்கி வாசியுங்கள்; நான் ஏமாந்த நூல்கள் எல்லாம், அட்டைப்படத்தை மட்டும் பார்த்து அவசரத்தில் வாங்கியவை.