ஒலிம்பிக் பரிசுப்பணம்: கேளுங்கள், சொல்கிறேன்

முப்பது வருடம் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். தடகளப் பயிற்சியும் கொடுத்தேன். ஒலிம்பிக் வரலாறு, பரிசுத்தொகை, அமெச்சூர் விதி (பணம் வாங்காமல் விளையாடுபவர்தான் ஒலிம்பிக்கில் ஆடலாம் என்ற பழைய விதி), உதவித்தொகை இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள். கேட்கலாம்.

நாமக்கல், கல்லூரி மாணவர்: மாஸ்டர், ஒலிம்பிக்கில் தங்கம் ஜெயித்தால் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி எவ்வளவு பணம் கொடுக்கும்?

ஒரு பைசா கூடக் கொடுக்காது, தம்பி. பதக்கம் மட்டும்தான். அதுவும் முழுத் தங்கம் இல்லை. பாரிஸ் 2024 தங்கப் பதக்கத்தின் எடை 529 கிராம், அதில் தங்கம் 6 கிராம்தான். மற்றது பெரும்பாலும் வெள்ளி. நடுவில் ஈபிள் கோபுரத்து இரும்பு 18 கிராம் பதித்திருந்தார்கள்.

பணம் கொடுப்பது ஜெயித்தவரின் நாடு, மாநிலம், ஊர்ப் பெரியவர்கள், கம்பெனிகள். இதில் ஒரு மாற்றம் 2024-இல் வந்தது. செபாஸ்டியன் கோ தலைமையிலான உலக தடகள அமைப்பு, பாரிஸில் நடக்கும் 48 தடகளப் போட்டிகளிலும் தங்கம் ஜெயிப்பவருக்குத் தலா 50,000 டாலர் என்று அறிவித்தது. தொடர் ஓட்டம் என்றால் அந்தத் தொகையை அணியே பிரித்துக்கொள்ள வேண்டும். மற்ற விளையாட்டு அமைப்புகளுக்கு இதில் கோபம். எங்களைக் கேட்காமலே செய்துவிட்டார்கள், இது ஒலிம்பிக் மரபுக்கு விரோதம் என்றார்கள்.

என் வருத்தம் வேறு. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் 2028 லாஸ் ஏஞ்சலஸில்தான் பணம். பாரிஸ் 100 மீட்டரில் நோவா லைல்ஸ் 9.784 விநாடி, ஜமைக்காவின் கிஷேன் தாம்சன் 9.789. கண்ணிமைக்கும் நேரத்தில் கால்பங்குகூட இல்லாத வித்தியாசம். அவருக்கு 50,000 டாலர், இவருக்கு அந்த அமைப்பிடமிருந்து ஒன்றுமில்லை.

திருச்சி, 400 மீட்டர் ஓடும் மாணவியின் தந்தை: இந்தியாவில் எவ்வளவு தருகிறார்கள் சார்? தமிழ்நாட்டில்?

மத்திய விளையாட்டு அமைச்சகம் ஒலிம்பிக் தங்கத்துக்கு 75 லட்சம், வெள்ளிக்கு 50, வெண்கலத்துக்கு 30 லட்சம் கொடுத்துவருகிறது. மாநிலங்கள்தான் அதிகம். ஹரியானா தங்கத்துக்கு 6 கோடி, வெள்ளிக்கு 4, வெண்கலத்துக்கு இரண்டரை. தமிழ்நாடு அரசு 2021 ஜூனில் 3 கோடி, 2 கோடி, 1 கோடி என்று அறிவித்தது. பாராலிம்பிக் வீரர்களுக்கும் அதே கணக்குதான். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெள்ளி ஜெயித்த துளசிமதி முருகேசனுக்கு 2 கோடியும், வெண்கலம் ஜெயித்த மாரியப்பன், மனிஷா, நித்யஸ்ரீ மூவருக்கும் தலா 1 கோடியும் கொடுத்தார்கள்.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், எல்லாப் பெற்றோருக்கும் பொருந்தும். மேடையில் அறிவிப்பது வேறு, வங்கிக் கணக்கில் ஏறுவது வேறு. என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு பெண் தேசிய ஜூனியர் போட்டியில் பதக்கம் வாங்கி வந்தாள். பாராட்டு விழாவில் ஆள் உயரத்துக்கு அட்டையில் செக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். அதை நம்பி அவள் அப்பா வட்டிக்கு வாங்கி வீட்டுக்கு ஓடு மாற்றினார். பணம் வரவே இல்லை. நான்கு வருடம் வட்டி கட்டினார்கள். அந்த அட்டை செக் ரொம்ப நாள் அவர்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றது. எழுத்தில் ஆணை வராமல், கணக்கில் ஏறாமல், ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

மதுரை: இதற்கெல்லாம் வரி உண்டா?

ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் போட்டிகளில் பதக்கம் வாங்கியதற்காக மத்திய, மாநில அரசுகள் தரும் பரிசுக்கு வருமான வரி விலக்கு உண்டு. தனியார் கம்பெனி தரும் பணத்துக்கும் காருக்கும் அப்படி இல்லை. ஆடிட்டரைப் பாருங்கள்.

கோவை, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி: அந்தக் காலத்தில் விளையாட்டை விளையாட்டுக்காகவே ஆடினார்கள். பணம் உள்ளே வந்ததும் புனிதம் போய்விட்டது. நீங்கள் இதை ஒத்துக்கொள்ள வேண்டும், மாஸ்டர்.

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன், ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அமெச்சூர் என்ற விதியை யார், யாருக்காக உண்டாக்கினார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தில் ஹென்லி படகுப் போட்டி இருக்கிறது. 1879-இல் அவர்கள் எழுதிய விதிப்படி, கைத்தொழில் செய்பவன், கூலி வேலை செய்பவன் அமெச்சூர் ஆகமாட்டான். பந்தயத்தில் பணம் வாங்கினானா இல்லையா என்பது இரண்டாவது கேள்விதான். உடலை உழைத்துப் பிழைக்கிறவன் என்றாலே வெளியே. 1920-இல் அமெரிக்காவின் ஜான் கெல்லி அங்கே போக விண்ணப்பித்தார், நிராகரித்தார்கள். அவர் செங்கல் அடுக்கும் வேலை செய்தவர். அவருடைய கிளப் மேல் பழைய தடை ஒன்று இருந்ததையும் காரணமாகச் சொன்னார்கள். அதே வருடம் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், இங்கிலாந்துக்காரரையே தோற்கடித்துத் தங்கம் வாங்கினார். 1947-இல் அவர் மகன் ஹென்லிக்குப் போய் ஜெயித்தார். அந்தக் குடும்பம் இருபத்தேழு வருடம் அதற்காகக் காத்திருந்தது.

அப்புறம் ஜிம் தோர்ப். அமெரிக்கப் பழங்குடி இளைஞர். 1912 ஸ்டாக்ஹோமில் பென்டத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்து போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம். அடுத்த வருடமே இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். குற்றம் என்ன? 1909, 1910 கோடைக்காலங்களில் வட கரோலினாவில் சின்ன பேஸ்பால் அணிக்குச் சொற்பக் காசுக்கு ஆடியிருக்கிறார்.

வசதி உள்ளவன் சம்பளமில்லாமல் விளையாடலாம், அவனுக்குச் சோறு வீட்டில் இருக்கிறது. இல்லாதவன் என்ன செய்வான்? அவன் வாசல் தாண்டக்கூடாது என்பதற்காகப் போட்ட தாழ்ப்பாள்தான் அந்த விதி. அதைப் புனிதம் என்று சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. என்னிடம் ஓட வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில் பால் ஊற்றிவிட்டு வந்தவர்கள்.

கோவை, அதே அன்பர்: தோர்ப் விதியை மீறியது உண்மைதானே? விதி என்றால் விதிதான்.

சரி, விதியையே பார்ப்போம். ஆட்சேபம் இருந்தால் போட்டி முடிந்து 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது ஸ்டாக்ஹோம் போட்டியின் விதி. இவர் விஷயம் பல மாதம் கழித்துத்தான் வந்தது. அப்படியானால் விதியை மீறியது யார்? 1953-இல் தோர்ப் இறந்துபோனார். 1982-இல் இணை வெற்றியாளர் என்று பாதி நியாயம் செய்தார்கள். அவர் மட்டுமே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொண்டது 2022-இல். 1912-இல் அதே இரண்டு போட்டிகளிலும் தோர்ப்பிடம் தோற்றவர்களில் ஒருவர் ஏவரி பிரண்டேஜ். அவர்தான் 1952 முதல் 1972 வரை ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர், அமெச்சூர் விதியின் பெரிய காவலர்.

ஒன்பது தங்கம் வாங்கிய பின்லாந்து ஓட்டக்காரர் பாவோ நுர்மியை, பயணச் செலவு அதிகமாக வாங்கினார் என்று 1932 ஒலிம்பிக்குக்கு முன் தடை செய்ததும் இதே விதிதான்.

யாழ்ப்பாணம்: மாஸ்டர், எங்கள் எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் 2.03 மீட்டர் உயரம் தாண்டி இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் எடுத்துக் கொடுத்தவர். அவர் காசுக்காகவா பாய்ந்தவர்? கோவை ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அவர் பெயரைச் சொன்னதற்கு நன்றி. உயரம் தாண்டுகிற பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லாமல் நான் பயிற்சி தொடங்கியதில்லை. அவர் காசுக்காகத் தாண்டவில்லை, உண்மை. ஹெல்சிங்கி, மெல்போர்ன் இரண்டு ஒலிம்பிக்குக்கும் போனார். லாஸ் ஏஞ்சலஸில் பல்கலைக்கழகத்தில் படித்தார், அங்கே மைதானமும் பயிற்சியும் இருந்தன. பிறகு படிப்பிலேயே பெரிய ஆளானார். ஆசை ஒருவரை எவ்வளவு உயரம் தூக்கும் என்பதற்கு அவர் சாட்சி. ஆசை போதாது என்று நான் சொல்வது, அந்த மாதிரி ஓர் இடம் கிடைக்காதவர்களுக்காக.

அதே ஹெல்சிங்கிக்குப் போனவர் மகாராஷ்டிராவின் கே.டி. ஜாதவ். மல்யுத்தத்தில் வெண்கலம், சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம். பயணச் செலவுக்குக் கிராமத்தில் வசூல் செய்தார்கள். அவர் படித்த கல்லூரியின் முதல்வர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஊர் திரும்பியபோது மாட்டு வண்டி ஊர்வலம். பிறகு மல்யுத்தப் போட்டி நடத்தி அந்தக் கடனை அடைத்தார். அர்ஜுனா விருது அவர் இறந்து பல வருடம் கழித்துத்தான். இதைவிடச் சுத்தமான அமெச்சூர் இருக்க முடியாது. அந்த வாழ்க்கையை இன்னொரு பிள்ளைக்கு நான் வேண்ட மாட்டேன்.

சென்னை: சோவியத் நாடுகள் அமெச்சூர் என்று சொல்லி முழுநேர வீரர்களை அனுப்பினார்களே?

அனுப்பினார்கள். காகிதத்தில் ராணுவ வீரர், மாணவர். நாள் முழுக்கப் பயிற்சி. ஆனால் நம்மூரையும் பாருங்கள். நீரஜ் சோப்ரா ராணுவத்தில் இருக்கிறார். பாரிஸில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். ரயில்வே, ராணுவம், போலீஸ் வேலையில்தான் நம் வீரர்களின் வீட்டில் அடுப்பு எரிகிறது. எந்தப் பரிசுத்தொகையையும்விட விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான் இந்தியத் தடகளத்தை உயிரோடு வைத்திருக்கிறது.

சேலம்: அமெச்சூர் விதி எப்போது போனது?

1974-இல் தளர்த்தினார்கள். 1986-இல் அந்தந்த விளையாட்டு அமைப்பே முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். 1988 சியோலில் தொழில்முறை டென்னிஸ், 1992 பார்சிலோனாவில் அமெரிக்காவின் என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து நட்சத்திரங்கள். அவ்வளவுதான்.

வேலூர்: பழைய கிரேக்கத்தில் இலைக் கிரீடம் மட்டும்தானே?

மைதானத்தில் ஆலிவ் கிரீடம், ஊரில் பணம். ஏதென்ஸில் சட்டம் எழுதிய சோலோன், ஒலிம்பிக் வெற்றியாளருக்கு 500 டிராக்மா (கிரேக்க நாணயம்) என்று விதித்ததாகப் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதியிருக்கிறார். ஆயுள் முழுக்க அரசுச் செலவில் சாப்பாடும் உண்டு.

கரூர்: ஒலிம்பிக் கமிட்டி தங்கத்துக்கு எவ்வளவு தரும்?

முதல் கேள்வியைப் படியுங்கள்.

தஞ்சாவூர்: பரிசுப்பணம் அதிகமானால் ஊக்கமருந்து அதிகமாகுமா?

அதை என்னிடம் கேட்காதீர்கள். தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையிடம் போங்கள். ஒன்று மட்டும்: ஜிம்மில் யாரோ கொடுக்கிற பவுடரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

சிங்கப்பூர்: இங்கே தங்கத்துக்குப் பத்து லட்சம் சிங்கப்பூர் டாலர். 2016-இல் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் வாங்கினார். பெரிய தொகை இருந்தால்தானே பதக்கம் வரும்?

அந்தப் பணம் ஸ்கூலிங்கை உருவாக்கவில்லை. சின்ன வயதிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்கவும் நீந்தவும் வைத்த அவர் பெற்றோர் உருவாக்கினார்கள். பரிசு பிறகு வந்தது.

இதுதான் நான் இன்று சொல்ல வந்த முக்கியமான விஷயம். பிரிட்டன் பதக்கத்துக்குப் பணமே தருவதில்லை. 1996 அட்லாண்டாவில் அவர்களுக்கு ஒரே ஒரு தங்கம், 36-ஆவது இடம். 1997 முதல் லாட்டரிப் பணத்தை வீரர்களின் பயிற்சிக்கும் மாதச் செலவுக்கும் திருப்பினார்கள். 2012 லண்டனில் 29 தங்கம். 2016 ரியோவில் 27 தங்கத்தோடு இரண்டாவது இடம். ஜெயிப்பதற்கு முன்னால் பணம் கொடுத்தார்கள்.

பாகிஸ்தானின் அர்ஷத் நதீமைப் பாருங்கள். 2024 மார்ச்சில், ஏழெட்டு வருடமாக ஒரே ஈட்டியை வைத்திருக்கிறேன், அதுவும் பழுதாகிவிட்டது, புதிது வேண்டும் என்று வெளியே கேட்டார். ஆகஸ்டில் பாரிஸில் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனையோடு தங்கம். அதற்குப் பிறகு பஞ்சாப் மாகாணம் 10 கோடி பாகிஸ்தான் ரூபாய் கொடுத்தது, 92.97 என்று எண் போட்ட கார் கொடுத்தது. மாமனார் எருமை மாடு பரிசளித்தார். மார்ச் மாதம் அவருக்கு வேண்டியிருந்தது ஒரு ஈட்டி.

இந்தியாவில் இந்த முன்பணம் கொஞ்சம் வந்திருக்கிறது. ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கான மத்திய அரசின் டாப்ஸ் திட்டத்தின் முதன்மைப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மாதம் 50,000 கைச்செலவு, வளரும் வீரர்களுக்கு 25,000. இளம் வீரர்களுக்கான கேலோ இந்தியா திட்டத்தில் 10,000. கோடிகளை அறிவிக்கும்போது வருகிற கேமரா இதற்கு வருவதில்லை, அதனால்தான் இது வேகமாக வளரவில்லை என்பது என் எண்ணம்.

திண்டுக்கல்: ஐ.பி.எல். ஏலத்தை ஒப்பிட்டால்?

என் துறை இல்லை.

கோவை, அதே அன்பர்: உங்கள் வாதத்தில் பாதி ஏற்கிறேன். ஆனால் இன்று சும்மா விளையாடுகிறவனே இல்லையே. அமெச்சூர் விளையாட்டு செத்துவிட்டதுதானே?

ஐயா, அதில் உங்கள் கவலைதான் என் கவலையும். ஆனால் அதைக் கொன்றது ஒலிம்பிக் பணம் இல்லை. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். மைதானத்தில் புதுக் கட்டடம் வருகிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளையை நிறுத்துகிறார்கள். நான் ஓய்வு பெற்ற வருடம் என் கையில் 22 பிள்ளைகள் இருந்தார்கள். சேர்ந்த வருடம் எழுபதுக்கு மேல். போனவர்களில் ஒருவர்கூடப் பரிசுப்பணத்தால் போகவில்லை.

பெரம்பலூர், மாணவர்: மாஸ்டர், ஒலிம்பிக் கமிட்டி எவ்வளவு...

தம்பி, மூன்றாவது தடவை. மேலே இருக்கிறது.

விழுப்புரம், ஒரு தாய்: ஐயா, மகனுக்குப் பதினாறு வயது. ஈட்டி எறிகிறான். மாவட்டத்தில் முதலிடம். நல்ல ஈட்டி வாங்கக் கடன் வாங்கலாமா? பின்னால் பரிசு வரும் என்கிறார்கள்.

வேண்டாம் அம்மா. வராத பரிசை நம்பிக் கடன் வாங்காதீர்கள். முதலில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் போய்ப் பாருங்கள். விளையாட்டு விடுதியில் இடம் கேளுங்கள், அங்கே ஈட்டி, சாப்பாடு, பயிற்சியாளர் எல்லாம் இருக்கும். உபகரணத்துக்கும் பயணத்துக்கும் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் விண்ணப்பிக்கலாம், மாவட்டச் சான்றிதழை இணையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். கடையில் யாராவது 800 கிராம் ஈட்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது பெரியவர்களுக்கு. 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 700 கிராம். இப்போதே 800 எறிந்தால் முழங்கை போய்விடும்.