ராஜபாளையம் குட்டி: 9,000 ரூபாயா, 25,000 ரூபாயா?

கேள்வி: என் மாதச் சம்பளம் 45,000 ரூபாய். திண்டுக்கல் பக்கம் சொந்த வீடு, சுற்றிலும் இடம் இருக்கிறது. ராஜபாளையம் நாய் வளர்ப்பது நெடுநாள் ஆசை. ஒருவர் சான்றிதழ் இல்லாத ஐந்து வாரக் குட்டியை 9,000 ரூபாய்க்குத் தருகிறார். இன்னொருவர் கென்னல் கிளப் (நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் அமைப்பு) சான்றிதழோடு 25,000 கேட்கிறார். பெட்டையாக வாங்கி ஒரு ஈத்துக் குட்டிகளை விற்றாலே போட்ட பணம் வந்துவிடும் என்கிறார்கள். கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யில் வாங்கலாமா?

பதில்: இ.எம்.ஐ. வேண்டாம். குட்டி விற்று வரும் பணத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரசவத்தில் சிக்கல் வந்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அந்த லாபம் அங்கேயே போய்விடும். தவிர, 2017 மத்திய அரசு விதிகளின்படி நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

இனி விலை. சாப்பாடு, தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 4,000 ரூபாய் என்று வைத்தால், பத்து ஆண்டுக்கு 4,80,000. இரண்டு குட்டிகளுக்கும் உள்ள 16,000 ரூபாய் வித்தியாசம் அந்தப் பத்து ஆண்டில் மாதம் 133 ரூபாய்தான். எனவே எது மலிவு என்று பார்க்காமல், எது ஆரோக்கியமானது என்று பாருங்கள்.

இந்த இனத்தில் முதலில் சோதிக்க வேண்டியது காது. தூய வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று நாம் தேடி வாங்கும் அடையாளங்களோடு சேர்ந்தே செவிட்டுத்தன்மையும் வரலாம். உடலுக்கு நிறம் தரும் நிறமி செல்கள் உட்செவிக்கும் தேவை. அங்கே அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும், சிகிச்சையும் கிடையாது. கூடப் பிறந்த குட்டிகளோடு இருக்கும்போது அவற்றைப் பார்த்தே இதுவும் ஓடி வரும், குறை தெரியாது. குட்டியைத் தனியே கொண்டுபோய், பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வுக்கும் திரும்பும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடக்கூடும். அதனால் தாய், தகப்பன், கூடப் பிறந்தவை எல்லாவற்றுக்கும் காது எப்படி என்று விசாரியுங்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடம் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். தாயின் தோலில் சொறி, முடி உதிர்ந்த திட்டுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

9,000 ரூபாய்க் குட்டியை நான் இப்போதே ஒதுக்கிவிடுவேன். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே அதே 2017 விதிகள் அனுமதிப்பதில்லை. தடுப்பூசியே தொடங்காத வயதில் வரும் குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் கண்டால் பல நாள் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு குட்டியின் விலையைத் தாண்டலாம், உயிரும் போகலாம்.

அதற்காக 25,000 ரூபாய்க் குட்டி நல்லது என்று ஆகிவிடாது. சான்றிதழ் சொல்வது வம்சாவளி. ஆரோக்கியத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. அதில் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நெருங்கிய உறவுக்குள் இணை சேர்த்திருக்கிறார்கள், தவிர்த்துவிடுங்கள். குட்டியின் தோலுக்கடியில் பொருத்தியிருக்கும் மைக்ரோசிப்பின் எண்ணைக் கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் செய்து, சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒப்பிட்ட பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

செல்லப்பிராணிக் காப்பீடு எடுப்பதானால் பரம்பரை நோய்கள் விலக்குப் பட்டியலில் உள்ளனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றிலிருந்து மாதம் 6,000 ரூபாயை ஆர்.டி.யில் (மாதாந்திரத் தொடர் சேமிப்பு) போடுங்கள். அதில் 4,000 நாயின் மாதச் செலவுக்கு ஒத்திகை, 2,000 அவசர மருத்துவத்துக்கு. ஆறு மாதம் சிரமமில்லாமல் கட்ட முடிந்தால் உங்கள் சம்பளம் ஒரு நாயைத் தாங்கும். சேர்ந்த 36,000 ரூபாயில் குட்டியும் முதல் தடுப்பூசிகளும் கடனில்லாமல் முடியும். குட்டி வந்த பிறகும் அந்த 2,000 ரூபாயை நிறுத்தாதீர்கள்.