மறியல், முற்றுகை, பேச்சுவார்த்தை: ஓய்வு பெற்ற வட்டாட்சியரிடம் கேளுங்கள்

வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று பல ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பட்டா, சான்றிதழ், தேர்தல் வேலைக்கு நடுவில், கோபமாக நிற்கும் கூட்டத்தின் முன்னால் அரசாங்கத்தின் முகமாகப் போய் நிற்பதும் எங்கள் தலையில்தான் விழும். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

சார், நான் குரூப் 2 முடித்து வருவாய்த் துறைக்கு வந்திருக்கிறேன். மறியல் நடக்கும் இடத்துக்குப் போனதும் முதல் வேலை என்ன?

போவதற்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடும், தம்பி. கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு போன், ஸ்டேஷனில் தனிப்பிரிவு, அதாவது ஊர்த் தகவல் சேகரிக்கும் வேலை பார்க்கும் ஏட்டுக்கு ஒரு போன். என்ன பிரச்சினை, எத்தனை நாளாக இருக்கிறது, யாரிடம் மனு கொடுத்தார்கள், அந்த மனு எந்த மேசையில் கிடக்கிறது, இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும். "என்னம்மா பிரச்சினை?" என்று அங்கே போய்க் கேட்டால், "இதுகூடத் தெரியாமலா வந்தீங்க?" என்பார்கள். நியாயமான கேள்வி அது.

ஜீப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். ஜீப்பில் உட்கார்ந்தபடி மைக்கில் பேசவே கூடாது. சத்தமாகப் பேசுகிறவர் ஒருவர், முடிவெடுக்கிறவர் வேறொருவர். பெரும்பாலும் அந்த இரண்டாமவர் ஓரமாக டீக்கடை பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பது போலத்தான் இருப்பார். ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டிருந்தால் அதற்கு வழி விடச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குங்கள். அநேகமாக விடுவார்கள். "சரி, இவங்க சொன்னதைக் கேட்டோம்" என்று அவர்கள் மனதில் ஒன்று பதிந்துவிடும். அதற்கு அப்புறம் அவர்கள் பேசி முடிக்கிற வரை வாயைத் திறக்காதீர்கள்.

தண்ணீர் வரவில்லை என்று காலிக்குடத்தோடு உட்கார்ந்தால் "இரண்டு நாளில் சரிசெய்கிறோம்" என்றுதான் எப்போதும் சொல்கிறீர்கள். எந்த ஊரில் இரண்டு நாளில் சரியானது?

கோபம் புரிகிறது. "ஆவன செய்யப்படும்" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் வார்த்தைக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

ஒரு கிராமத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பஸ்ஸை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். குடிநீர் என்பது ஊராட்சி ஒன்றியத்தின் வேலை, அதற்கு வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பிடிஓ இருக்கிறார், எனக்கு நேரடி அதிகாரம் கிடையாது. இதை அங்கே போய் விளக்கினால் குடம் என் மேல்தான் விழும். பிடிஓவுக்கு அங்கேயே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தேன். "மோட்டார் கழற்றியாச்சு சார், காயில் கட்டக் கொடுத்திருக்கு" என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "எப்பக் கொடுத்தீங்க? எந்தக் கடையில?" என்று போனைப் பார்த்துக் கேட்டார். அந்தப் பக்கம் பதிலே இல்லை. பாட்டிக்குத் தெரியும், மோட்டார் இன்னும் குழிக்குள்ளேதான் இருக்கிறது.

பேச்சுவார்த்தை அதற்குப் பிறகுதான் உண்மையில் தொடங்கியது. சாயந்திரத்துக்குள் டிராக்டர் டேங்கரில் தண்ணீர், மறுநாள் காலையில் மோட்டாரைத் தூக்கும்போது ஊரில் இருந்து இரண்டு பேர் கூட நிற்கலாம். இதை வெள்ளைத்தாளில் எழுதி, தேதி போட்டு, நானும் ஊராட்சி செயலரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். டேங்கர் வந்து முதல் குடம் நிரம்பிய பிறகுதான் பாட்டி ரோட்டை விட்டு எழுந்தார். அவரை நான் குறையே சொல்ல மாட்டேன்.

எல்லா மறியலிலும் "கலெக்டர் வந்தால்தான் எழுந்திருப்போம்" என்கிறார்களே?

கீழே இருக்கிறவர் சொன்னது நடக்காமல் போனதால்தான் மேலே இருக்கிறவரைக் கேட்கிறார்கள். கையில் அதிகாரம் உள்ள ஒருவர் நேரில் வந்து, நடக்கக்கூடிய ஒன்றைத் தேதியோடு சொல்லிவிட்டால் கலெக்டர் கோரிக்கை தானாகவே இறங்கிவிடும்.

விபத்தில் இறந்தவரின் உடலை வாங்க மாட்டோம் என்று உறவினர்கள் மறுக்கும்போது என்ன பேசுவீர்கள்?

இருப்பதிலேயே கஷ்டமானது இதுதான். காலையில் வீட்டிலிருந்து கிளம்பிய பிள்ளை பிணவறையில் கிடக்கிறான். அங்கே சட்டம் பேசினால் யார் காதிலும் ஏறாது. கோரிக்கை பெரும்பாலும் மூன்று: நிவாரணம், வீட்டில் ஒருவருக்கு அரசு வேலை, அந்த இடத்தில் வேகத்தடை. அரசு வேலை கொடுக்கும் அதிகாரம் வட்டாட்சியருக்குக் கிடையாது. கூட்டம் கலைந்தால் போதும் என்று தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது பச்சைத் துரோகம். அந்தக் குடும்பம் வருஷக்கணக்கில் அலுவலகப் படி ஏறும். முதலமைச்சர் நிவாரண நிதிக்கு முன்மொழிவு அனுப்புவது என் கையில் இருக்கிறது, அன்றைக்கே அனுப்பலாம். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை போட என்னால் முடியாது. ஆனால் இன்ஸ்பெக்டரிடம் சொல்லி, அரை மணி நேரத்தில் இரண்டு பேரிகார்டு கொண்டுவந்து வைக்க முடியும். கண் முன்னால் ஒன்று நடக்கிறதைப் பார்த்தால்தான் மற்றதைக் காதில் வாங்குவார்கள்.

144 தடை உத்தரவு போட்டால் கூட்டம் கலைந்துவிடாதா?

காகிதத்தைப் பார்த்துக் கலைகிற கூட்டம் அது இல்லாமலே கலைந்துவிடும். 144 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் அது 163ஆவது பிரிவு. மக்கள் வாயில் இன்னும் 144தான்.

அண்ணா, எங்கள் ஊர் மறியலில் நானும் உட்கார்ந்தேன். வழக்கு வருமா?

வரலாம். வழக்கமாகக் கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்து, சாப்பாடு கொடுத்து, சாயந்திரம் விட்டுவிடுவார்கள். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். வழிமறித்தல், சட்டவிரோதமாகக் கூடுதல் என்று முதல் தகவல் அறிக்கை போட்டிருந்தால் அது அப்படியே இருக்கும். காவலர் தேர்வு எழுதிய பையன்கள் சரிபார்ப்பின்போது இதில் மாட்டிக்கொண்டு தவித்ததைப் பார்த்திருக்கிறேன். எஃப்ஐஆரில் பெயர் இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள்.

துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவு கொடுப்பது போலீஸா, நீங்களா?

நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் இது. ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், துணை வட்டாட்சியர் எல்லோரும் நிர்வாக நடுவர்கள், அதாவது எக்ஸிக்யூட்டிவ் மாஜிஸ்திரேட்டுகள். ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி அமைதிக்குப் பங்கம் வரும் என்றால், கலைந்துபோகச் சொல்லும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கும் உண்டு, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் உண்டு. கலையவில்லை என்றால் பலத்தைப் பயன்படுத்தலாம். பழைய சட்டத்தில் பிரிவு 129, இப்போது 148. எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி எல்லாம் தாண்டி, வேறு வழியே இல்லாதபோதுதான் துப்பாக்கி. அந்த நேரத்தில் உத்தரவுக் காகிதத்தில் யார் கையெழுத்து என்பது உயிர்ப் பிரச்சினை.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள், 2018 மே 22. ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் ஊர்வலமாகப் போனார்கள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். சுட உத்தரவு கொடுத்ததாகக் காகிதத்தில் வந்தவை துணை வட்டாட்சியர்களின் பெயர்கள். ஆட்சியர் அன்று கோவில்பட்டியில் இருந்தார். 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று சொன்னது. காவல் அதிகாரிகளோடு ஆட்சியர், வருவாய்த் துறையினர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. நூறு நாள் உட்கார்ந்திருந்த மக்களோடு அதற்கு முன்பே முழு அதிகாரத்தோடு ஒருவர் போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. கடைசி நாளில், கடைசிப் படியில் இருக்கிற அதிகாரியை அனுப்பி எதையும் சமாளிக்க முடியாது.

பெண்கள் போராட்டத்தை எப்படிக் கையாள வேண்டும்?

பெண் போலீஸ் இல்லாமல் பக்கத்தில் போகவே கூடாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2017இல் நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளை மூடினார்கள். அவற்றை ஊருக்குள் கொண்டுபோகப் பார்த்தபோது தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் திரண்டார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஒரு காவல் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். யாரோ செல்போனில் எடுத்த காட்சி அன்றைக்கே எல்லா டிவியிலும் ஓடியது. ஒரு ஊர்ப் பிரச்சினை மாநிலப் பிரச்சினையாக ஒரு அறை போதும்.

பயமாக இருக்காதா, சார்?

இருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன், நடுக்கம் தெரியாது.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் பையை எல்லாம் சோதிக்கிறார்களே, மனு கொடுக்க வருகிறவர்கள் என்ன குற்றவாளிகளா?

2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளி மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். மனு மேல் மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அப்போது எழுந்த புகார். அதற்குப் பிறகு சோதனை கடுமையானது. சோதனை தேவைதான். மண்ணெண்ணெய் கேனைப் பிடுங்குகிற அக்கறையை மனுவைப் படிப்பதிலும் காட்டலாம்.

மறியல் முடிந்த பிறகு என்ன செய்வீர்கள்?

கோட்டாட்சியருக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அறிக்கை. மறுநாள் காலை பிடிஓவுக்கு ஒரு போன், மோட்டார் எங்கே என்று. அவர் எடுக்கவில்லை என்றால் ஊராட்சி செயலருக்கு. அவரும் எடுக்கவில்லை என்றால் நேரில் போய்விடுவேன். எழுதிக் கொடுத்த தாளில் என் கையெழுத்தும் இருக்கிறதே.