தோழிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மகள் பின்தங்கிவிடுவாளா?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் தினமும் மாலையில் தோழிகள் இரண்டு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த நேரத்தில் தானே படித்தால் மதிப்பெண் கூடுமே என்பது ஒன்று. ராணுவ அதிகாரியாக வேண்டும் என்று என்டிஏவுக்கு, அதாவது முப்படை அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தயாராகிறவள் எல்லோருக்கும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தால் நாளைக்கு எப்படித் தலைமை தாங்குவாள் என்பது இன்னொன்று. "குரூப் டிஸ்கஷனில் முந்திக்கொண்டு பேசு, அடுத்தவளைப் பேச விடாதே" என்று சொந்தக்காரர் ஒருவர் அவளுக்கு யோசனை சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேறு எந்த யோசனையைக் கேட்டாலும் சரி, அதை மட்டும் அவள் கேட்க வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன்.

என்டிஏ தேர்வில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யுபிஎஸ்சி நடத்தும் எழுத்துத் தேர்வு. கணிதத்துக்கு 300, பொதுத்திறன் தாளுக்கு 600, ஆக மொத்தம் 900 மதிப்பெண். தவறாக எழுதினால் அந்தக் கேள்விக்கான மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். இது முழுக்கப் போட்டிதான். நாடு முழுவதும் எழுதுகிறவர்களைத் தாண்டி வந்தால்தான் அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும்.

அடுத்த கட்டம் எஸ்எஸ்பி, அதாவது படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம் நடத்தும் நேரடித் தேர்வு. ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். அதற்கும் அதே 900 மதிப்பெண். பல வீடுகளில் முதல் 900-க்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துவிட்டு, இரண்டாவது 900-ஐ ஏதோ நேர்காணல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அங்கே நேர்காணல் என்பது ஒரு பகுதி மட்டும்தான். உளவியல் தேர்வை ஒருவர் மதிப்பிடுவார், குழுப் பணிகளை இன்னொருவர் கவனிப்பார், நேர்காணலை மற்றொருவர் செய்வார். மூன்று பேரும் தனித்தனியாக மதிப்பிட்டுவிட்டு, கடைசி நாளில் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்வார்கள்.

இதில் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்பியில் உங்கள் மகளுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் அவளுடைய போட்டியாளர் அல்ல. அங்கே ஒவ்வொருவரையும் ஒரு தரத்தோடு வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஒரு குழுவில் எட்டு பேர் இருந்தால் எட்டு பேரும் தேறலாம்; ஒருவர்கூடத் தேறாமலும் போகலாம். இரண்டு 900-ஐயும் கூட்டி அகில இந்தியத் தரவரிசை போடுவதெல்லாம் அதற்குப் பிறகு நடப்பது. ஆகவே குழுவில் அடுத்தவளை அமுக்கிவிட்டால் நமக்கு ஒரு இடம் கிடைக்கும் என்ற கணக்கு அங்கே செல்லாது. அமுக்கியவளுக்குத்தான் நஷ்டம்.

முதல் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். தெளிவில்லாத ஒரு படத்தை அரை நிமிடம் காட்டி, அதை வைத்து ஒரு கதை எழுதச் சொல்வார்கள். பிறகு குழுவாக உட்கார்ந்து, எல்லோரும் பேசி ஒரு பொதுக்கதைக்கு வர வேண்டும். எஸ்எஸ்பி போய்வந்தவர்கள் இந்தக் கட்டத்தை 'மீன் மார்க்கெட்' என்றே சொல்வார்கள். ஒவ்வொருவரும் தன் கதையே ஜெயிக்க வேண்டும் என்று ஒரே நேரத்தில் கத்துவார்கள். இந்த நாளிலேயே பெரும் பகுதியினர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். உங்கள் சொந்தக்காரர் சொன்ன யோசனையைத்தான் அந்த அறையில் இருக்கும் பாதிப் பேர் பின்பற்றிக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. அந்தச் சத்தத்துக்கு நடுவே, "ஐந்தாம் எண் சொன்னதும் நான் எழுதியதும் கிட்டத்தட்ட ஒரே கதைதான், அதிலிருந்து ஆரம்பிப்போமா" என்று ஒரு பெண் சொன்னால், மதிப்பிடுகிறவர்கள் அவளைக் கட்டாயம் கவனிப்பார்கள்.

தேறியவர்களுக்கு அடுத்து மைதானத்தில் குழுப் பணிகள். மார்பில் எண் போட்ட துணி கட்டியிருப்பார்கள். ஒரு பலகை, கயிறு, ஒரு கட்டை, கூடவே தூக்கிப்போக ஒரு சுமை. இவற்றை வைத்துக்கொண்டு, தரையில் கால் படாமல் தடைகளைத் தாண்டி எல்லோரும் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். தலைவர் யார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதிகாரி நோட்டும் பேனாவுமாக ஓரமாக நிற்பார். அவ்வளவுதான். யோசனை சொல்வது யார், இன்னொருத்தியின் யோசனை நன்றாக இருக்கும்போது தன்னுடையதைக் கைவிட்டு அதற்கு உதவுவது யார், பயந்து நிற்கும் கடைசிப் பெண்ணுக்குக் கை கொடுப்பது யார், பலகை நழுவும்போது அடுத்தவரைத் திட்டுவது யார் என்று எல்லாமே அந்த நோட்டில் ஏறும். பாம்பு மாதிரி நீளமான ஒரு சுமையை எல்லோரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயமும் உண்டு. நன்றாக ஓடத் தெரிந்த ஒருத்தி மட்டும் முன்னால் பாய்ந்தால் மொத்தக் குழுவும் தடுமாறும்.

அப்புறம் கமாண்ட் டாஸ்க். இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை தலைவர் பொறுப்பு கிடைக்கும். தனக்கு உதவியாளர்களைக் குழுவிலிருந்து அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். யாரை அடிக்கடி கூப்பிடுகிறார்கள், யாரை ஒருவரும் கூப்பிடுவதில்லை என்பது அந்த இடத்தில் தானாகவே தெரிந்துவிடும். மூன்று நாள் ஒரே அறையில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் கொடுக்கும் தீர்ப்பு அது. கோச்சிங் சென்டரில் கற்றுக்கொண்ட நடிப்பு இதைத் தாண்டுவது கஷ்டம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரிகளைச் சின்ன நேர்காணலில், குடும்பத்தையும் படித்த பள்ளியையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அப்படி வந்தவர்களில் பலர் பயிற்சியிலேயே தோற்றுத் திரும்பினார்கள். 1942-ல் புதிய தேர்வு வாரியங்களை அமைத்தபோது வில்பிரெட் பியான் என்ற மனநல மருத்துவர், தலைவர் இல்லாத குழுவிடம் ஒரு வேலையைக் கொடுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தன்னைக் காட்டிக்கொள்ள ஆசை இருக்கும். ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து செய்தால்தான் அதைக் காட்டவே முடியும். இந்த இழுபறியில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத்தான் அவர் பார்க்க விரும்பினார். நம் எஸ்எஸ்பியின் வேர் அங்கே இருக்கிறது. இங்கே பார்க்கப்படும் 15 குணங்களில் விரைந்து முடிவெடுப்பதும் துணிச்சலும் இருப்பது போலவே ஒத்துழைப்பும் பொறுப்புணர்வும் பெயரோடு இடம்பெற்றிருக்கின்றன.

இனி கணக்குச் சொல்லிக்கொடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாலை நேரத்தை நிறுத்தாதீர்கள். ஒரு கணக்கை இன்னொருவருக்குப் புரியவைக்கும்போதுதான் அது நமக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதே தெரியும். ஆனால் அந்த நேரம் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றலாம். இப்போது அவள் ஆசிரியர், தோழிகள் மாணவிகள். இதில் அவளுக்குப் பொறுமை வளரும், ஆனால் மற்றவர்களிடமிருந்து கற்கும் பழக்கம் வராது.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் 1971-ல், வெள்ளையின, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் முதல்முறையாக ஒரே வகுப்பறைக்கு வந்தபோது சண்டை மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு யார் முதலில் கை தூக்குவது என்ற போட்டி அந்தப் பகையை மேலும் வளர்க்கிறது என்று அவர் கவனித்தார். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இருக்காது. அடுத்தவரைப் பேசவிட்டு, கவனித்துக் கேட்டால்தான் தன்னால் தேர்வு எழுத முடியும். திக்கித் திணறிப் பேசும் பையனைக் கிண்டல் செய்தவர்களே அவனிடம் பக்குவமாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் இதைச் செய்வது சுலபம். கணக்கு உங்கள் மகளிடம் இருக்கட்டும். ஒரு தோழி இயற்பியலை எடுக்கட்டும். இன்னொருத்தி தினமும் ஆங்கில நாளிதழ் படித்து நடப்புச் செய்திகளை ஆங்கிலத்திலேயே சொல்லட்டும். பொதுத்திறன் தாளின் 600-ல் ஆங்கிலத்துக்கு மட்டும் 200 இருக்கிறது. எழுத்துத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் வராது. தமிழ் வழியில் படிக்கும் பெண் தனியாக உட்கார்ந்து ஆங்கிலம் பேசிப் பழக முடியாது. அதற்கு இந்தத் தோழிகள் வேண்டும்.

உங்கள் இரண்டாவது கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட மாட்டேன். விட்டுக்கொடுப்பதும் ஒத்துழைப்பதும் ஒன்றல்ல. தோழி வீட்டுப்பாடத்தை அப்படியே பார்த்து எழுத நோட்டைக் கேட்டால் உங்கள் மகள் "தர மாட்டேன், உட்கார், சேர்ந்து போடுவோம்" என்கிறாளா, அல்லது மனசு நோகக் கூடாது என்று கொடுத்துவிடுகிறாளா? குழுவில் எல்லோரும் தப்பான முடிவுக்குப் போகும்போது வாய் திறக்கிறாளா? தப்பு நடந்தால் "நான்தான் அதைப் பார்த்திருக்க வேண்டும்" என்று முன்வருகிறாளா? இவற்றில் அவள் தயங்கினால், பயிற்சி அங்கேதான் தேவை. அமைதியான பிள்ளையைச் சண்டைக்காரியாக்குவது அதற்குத் தீர்வு ஆகாது. மெல்லிய குரலிலேயே உறுதியாகப் பேசப் பழக்கலாம்.

பள்ளியில் என்எஸ்எஸ் இருந்தால் ஏழு நாள் முகாமுக்கு அனுப்புங்கள். மேடையில் நன்றியுரை வாசிக்கும் பொறுப்பைவிட, சாப்பாட்டுப் பொறுப்பைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். காய்கறி வரவில்லை, ஒருத்தி வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாள், பரிமாறுகிறவர்களுக்குள் சண்டை என்று தினமும் ஒரு பிரச்சினை வரும். அவற்றைத் தீர்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் பசி. என்சிசி, கபடி, த்ரோபால் எதுவானாலும் நல்லதுதான். கோப்பை வரவில்லை என்றாலும் தொடரட்டும்.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதிரித் தேர்வில் கடிகாரத்தை வைத்து எழுதட்டும்; போன மாதம் எடுத்த மதிப்பெண்ணோடு இந்த மாத மதிப்பெண்ணை ஒப்பிடட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதை மட்டும் வீட்டில் நிறுத்திவிடுங்கள். பிளஸ் டூவில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-லேயே தமிழக அரசு கைவிட்டுவிட்டது. நாம் வீட்டில் அதைத் தொடர்ந்து நடத்த வேண்டியதில்லை.

பெண் பிள்ளை என்ற தயக்கமும் உங்கள் எழுத்தில் தெரிந்தது. பெண்களும் என்டிஏ எழுத 2021-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது; 2022-ல் புனேவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் அந்த அகாடமியில் சேர்ந்த முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்துவிட்டார்கள். என்டிஏ கிடைக்காமல் போனாலும் பட்டம் முடித்துவிட்டு சிடிஎஸ் என்ற பட்டதாரிகளுக்கான படை அதிகாரித் தேர்வை எழுதி, நம் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போகலாம். அங்கே 1992 முதல் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். எஸ்எஸ்பி அங்கேயும் உண்டு. முதல் முறை போய்த் திரும்பியவர்கள் மறுபடி போய்த் தேறுவது சகஜம்.

பிளஸ் டூ படிக்கும்போதே என்டிஏவுக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது, பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு அறிவிப்பிலும் பிறந்த தேதி வரம்பு இருக்கும், அதை முதலில் பாருங்கள். விமானப்படையோ கடற்படையோ விருப்பம் என்றால் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் பிளஸ் டூவில் இருக்க வேண்டும். கண்பார்வையையும் இப்போதே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அவளுடைய பிறந்த தேதியும் பாடப்பிரிவும் எழுதி அனுப்பினால், எந்த அறிவிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அந்தத் தோழிகளில் யாருக்காவது இதே ஆசை இருந்தால் அவர்களுடைய விவரத்தையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள்.