சர்க்கரை நோய் வந்த பின் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி உண்டால் போதுமா?

அண்மையில் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட உங்கள் தந்தை, இரவில் சோற்றை நிறுத்திவிட்டு நான்கு சப்பாத்தி உண்பதாகவும், அது போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. கோதுமையும் அரிசியைப் போலவே பெரும்பாலும் மாவுச்சத்துதான். நான்கு சப்பாத்தியில் இருப்பது ஏறத்தாழ ஒன்றரைக் கிண்ணம் சோற்றில் உள்ள அளவு.

முதலில் மாற்ற வேண்டியது தட்டின் அமைப்பை. பாதித் தட்டில் கீரை, அவரை, புடலை போன்ற காய்களும், கால் பகுதியில் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீனும் இருக்கட்டும். எஞ்சிய கால் பகுதியில் அவர் விரும்பும் சோறே இருக்கலாம். காயை முதலில் உண்பதும், உண்ட பின் பதினைந்து நிமிடம் நடப்பதும் சர்க்கரை திடீரென ஏறுவதைத் தணிக்கும். கேழ்வரகு நல்லது என்று நம்பிக் காலையில் பெரிய குவளை நிறையக் கஞ்சி குடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சிய மாவு விரைவில் செரித்து, சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடும்.

ஒன்றை மிகவும் வலியுறுத்துகிறேன்: சில மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் உணவைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு தோன்றி, அளவு 70க்குக் கீழ் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.