டிஸ்க் மாடலா, டிஜிட்டலா, இல்லை பிஎஸ்6 வரும்வரை பொறுப்பதா?

கேள்வி: எங்கள் வீட்டில் 2018-ல் வாங்கிய பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4) கேம் கன்சோல் இருக்கிறது, கூடவே பதினைந்து டிஸ்க்குகள். இப்போது ஃபேன் சத்தம் தாங்க முடியவில்லை. பிளஸ் ஒன் படிக்கும் மகன் பிஎஸ்5 கேட்கிறான். விலை குறைவு என்பதால் டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடலே போதும் என்கிறான். "சீக்கிரம் பிஎஸ்6 வந்துவிடும், பழசு விலையும் இறங்கும், கொஞ்சம் பொறு" என்கிறார் கணவர். "இனிமேல் கன்சோலே தேவைப்படாது, எல்லாம் கிளவுடுக்குப் போய்விடும், எங்கோ சர்வரில் ஓடும் கேமை இன்டர்நெட்டிலேயே ஆடலாம்" என்கிறான் தம்பி. யார் பேச்சைக் கேட்பது? டிவி 43 இஞ்ச், 4கே.
— ஈரோடு வாசகி

பதில்: மூவர் சொல்வதையும் விட்டுவிடுங்கள். இப்போதே வாங்கலாம், டிஸ்க் டிரைவ் உள்ள மாடலாக வாங்குங்கள்.

உங்களிடம் இருக்கும் பதினைந்து டிஸ்க்குகளில் இருந்தே தொடங்குவோம். பிஎஸ்4-க்காக வந்த 4,000-க்கும் அதிகமான கேம்கள் பிஎஸ்5-ல் ஓடும். கைவிட்டு எண்ணக்கூடிய சிலதான் ஓடாது. ஆனால் டிஸ்க்கில் இருக்கும் கேமை ஆட, ஒவ்வொரு முறையும் அந்த டிஸ்க் டிரைவுக்குள் இருக்க வேண்டும். டிரைவ் மாட்டாத டிஜிட்டல் மாடலில் அதற்கு வழியில்லை. அந்தப் பதினைந்தையும் மறுபடி காசு கொடுத்து டவுன்லோடு செய்ய வேண்டும், அல்லது சத்தம் போடும் பழைய பெட்டியையும் டிவிக்குக் கீழே வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது பணக் கணக்கு. 2024 ஏப்ரலில் பிஎஸ்5-ன் சிறிதாக்கிய வடிவமான ஸ்லிம் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 54,990 ரூபாய், டிஜிட்டல் 44,990. வித்தியாசம் பத்தாயிரம். புதிதாக வரும் பெரிய கேம் ஒன்று 5,000 ரூபாயை ஒட்டி நிற்கிறது. டிஸ்க்காக வாங்கினால் ஆடி முடித்ததும் விற்கலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம், செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்குத் தேடலாம். டவுன்லோடு செய்த கேமை யாருக்கும் விற்க முடியாது. அது உங்கள் மகனின் கணக்கோடு ஒட்டிக்கொண்டுவிடும். வருஷத்துக்கு நாலைந்து கேம் வாங்குகிற பையன் என்றால் அந்தப் பத்தாயிரம் இரண்டு வருஷத்துக்குள் திரும்பிவிடும். சோனியின் ஆன்லைன் கடையிலும் அவ்வப்போது நல்ல தள்ளுபடி வரும், மறுக்கவில்லை. ஆனால் டிஜிட்டல் மாடலுக்கு அது ஒன்றுதான் கடை. ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களை மட்டுமே ஆடுபவன் என்றால் மகன் சொல்வது சரி, டிஜிட்டலே போதும்.

ஸ்லிம் டிஜிட்டலை வாங்கிவிட்டு, டிரைவைத் தனியாகப் பிறகு மாட்டிக்கொள்ளவும் முடியும். முதல் முறை மாட்டும்போது அந்த டிரைவை இன்டர்நெட் வழியாகக் கன்சோலோடு பதிவு செய்ய வேண்டும். அந்த டிரைவ் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கணவர் சொல்வது ஒரு காலத்தில் பலித்த கணக்கு. பிஎஸ்2 அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்தது, 2002-ல் 199 ஆனது. சிப் தயாரிக்கும் நுட்பம் முன்னேற முன்னேற அதே சிப் சிறிதாகி, மலிவாகிக்கொண்டே வந்ததுதான் காரணம். இந்தத் தலைமுறையில் அந்த விலையிறக்கம் நின்றுபோனது. 2021 பிப்ரவரியில் இங்கே 49,990-க்கு வந்த பிஎஸ்5, 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏற்றினார்கள். வந்து ஐந்து வருஷமான கன்சோல் விலை ஏறியது என்று 2010-ல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். போதாததற்கு ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் இருந்து ரேம் விலை ஏறியிருக்கிறது. கன்சோலுக்குள் இருப்பதில் பெரிய செலவே அதுவும் மெயின் சிப்பும்தான். ஆன்லைன் கடைகளின் பண்டிகைச் சலுகைக்குச் சில வாரம் பொறுக்கலாம். விலை நிரந்தரமாக இறங்கும் என்று வருஷக்கணக்கில் காத்திருப்பதில் பலனில்லை.

பிஎஸ்6-ஐப் பொறுத்தவரை, பிளேஸ்டேஷனின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2025 அக்டோபரில் சிப் நிறுவனமான ஏஎம்டி-யோடு சேர்ந்து உருவாக்கும் புதிய கிராஃபிக்ஸ் நுட்பங்களைக் காட்டினார். வருங்கால கன்சோலில் அவை வர இன்னும் சில வருஷங்கள் ஆகும் என்று அவரே சொன்னார். வந்தாலும் முதல் வருஷம் கிடைப்பது கஷ்டம். 2021-ல் பிஎஸ்5-க்கு ஆன்லைனில் நடந்த அடிதடி நினைவிருக்கலாம். பையன்கள் எல்லோரும் எதிர்பார்க்கும் ஜிடிஏ 6 கேமை பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கும்தான் அறிவித்திருக்கிறார்கள். பழைய பிஎஸ்4-க்கு அது இல்லை.

திறன் கூடிய மாடலான பிஎஸ்5 புரோவை யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம். 2024 நவம்பரில் அது வந்தபோது, அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால் இந்தியாவில் வெளியிடவில்லை. ரிப்பேர் என்றால் அலைய வேண்டியிருக்கும். அதிலும் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாகத்தான் வாங்க வேண்டும்.

இனி உங்கள் தம்பியின் கிளவுட். கூகுள் 2019 நவம்பரில் ஸ்டேடியா என்ற கிளவுட் கேம் சேவையைத் தொடங்கி, 2023 ஜனவரி 18-ல் மூடிவிட்டது. வாங்கிய கேம்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. டேட்டா இன்று பெரிய தடையில்லை. 20 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் 9 ஜிபி போகும், வீட்டு ஃபைபர் அதைத் தாங்கும். தூரம்தான் சிக்கல். சர்வர் மும்பையில் இருக்கிறது என்று வையுங்கள். ஈரோட்டிலிருந்து ஏறத்தாழ 1,000 கி.மீ. ஃபைபருக்குள் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கி.மீ. ஓடும், போய்வர நேர்கோட்டிலேயே 10 மில்லிசெகண்ட். நிஜத்தில் கேபிள் சுற்றிச் சுற்றிப் போகும், நடுவில் படத்தைச் சுருக்கி விரிக்கும் வேலை, வீட்டு வைஃபையின் தடுமாற்றம் எல்லாம் சேரும். நொடிக்கு 60 ஃபிரேமில் (படத்தில்) ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்கு இருக்கும் நேரமே 16.7 மில்லிசெகண்ட்தான். நிதானமாகக் கதை சொல்லும் கேம்களுக்கு இந்தத் தாமதம் உறைக்காது. சண்டை, கால்பந்து, துப்பாக்கிச் சண்டை என்றால் பட்டனை அழுத்திய கைக்கே தெரிந்துவிடும். ஒரு கேமை வாங்குமுன் ருசி பார்க்க கிளவுட் நல்லது. அவ்வளவுதான்.

ஆனாலும் தம்பியின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. டிஸ்க்கின் காலம் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-வில் சில கேம் கார்டுகளுக்குள் கேமே இல்லை, சாவி மட்டும் இருக்கிறது. கார்டைச் செருகிவிட்டு முழுவதையும் டவுன்லோடு செய்ய வேண்டும். டிஸ்க் கையில் இருந்தும் பயனில்லாமல் போவதும் உண்டு. தி க்ரூ என்ற கார் ரேஸ் கேமின் சர்வர்களை, அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. டிஸ்க் வைத்திருந்தவர்களும் அதோடு ஆட முடியாமல் போனார்கள். ஆகவே காலகாலத்துக்கும் கேம் உங்களுடையது என்று நம்பி டிஸ்க் மாடலை வாங்க வேண்டாம். விற்கலாம், மாற்றலாம் என்ற சுதந்திரம் இன்னும் சில வருஷம் கிடைக்கிறதே, அதற்காக வாங்குங்கள்.

உங்கள் டிவியை மாற்ற வேண்டியதில்லை. 43 இஞ்ச் 4கே டிவிகளில் பெரும்பாலானவை 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாற்றுபவை. 120 ஹெர்ட்ஸுக்காக இன்னொரு டிவி வாங்குவதை நான் வீண்செலவு என்பேன். செட்டிங்ஸில் கேம் மோடை மட்டும் போடுங்கள், பட்டன் அழுத்துவதற்கும் படம் அசைவதற்கும் உள்ள தாமதம் நன்றாகக் குறையும். கரண்ட் அடிக்கடி போகும் பகுதி என்றால் கன்சோலை இன்வெர்ட்டர் லைனில் போட்டு, இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் வையுங்கள். சேவ் ஆகும் நொடியில் கரண்ட் போனால் ஆடியதெல்லாம் அழிந்துபோக வாய்ப்புண்டு. இடம் போதாவிட்டால் பிஎஸ்4 கேம்களை சாதாரண யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் வைத்தே ஆடலாம். பிஎஸ்5 கேம்கள் உள்ளே இருக்கும் வேகமான ஸ்டோரேஜான எஸ்எஸ்டி-யில்தான் ஓடும்.

பிஎஸ்4-ஐ விற்பதானால், அதற்குமுன் இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்து சேவ்களை மாற்றிக்கொள்ளுங்கள். அதன் பழைய கன்ட்ரோலரை மட்டும் விற்காதீர்கள். பிஎஸ்5-ல் பிஎஸ்4 கேம்களை ஆட அது போதும். பிஎஸ்5 கேம்களுக்கு அது உதவாது. இரண்டு பேர் ஆட இன்னொரு புதுக் கன்ட்ரோலர் வேண்டும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.