"ஜெபத்துல என் பேரைச் சொல்லாதீங்கப்பா"

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 49 வயது. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் ஒரு கிராமம். வேலை காரணமாக 18 வருடமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறோம். நான்கு தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. என் தாத்தா உபதேசியாராக இருந்தவர். இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் என்பது எங்கள் வீட்டில் சாப்பாடு மாதிரி, ஒருநாளும் தவறியதில்லை. என் அப்பா ஜெபம் பண்ணினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அவர் ஆமென் சொல்கிறவரை பிள்ளைகள் ஐந்து பேரும் முழங்காலில் இருப்போம். ஒருத்தர் அசைய மாட்டோம்.

இப்போது என் மகனால் எனக்கு நிம்மதியே இல்லை. வயது 19, இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஆறு மாதமாகக் குடும்ப ஜெபத்துக்கு வருவதில்லை. எட்டு மணி ஆனால் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறான். செருப்பு மாடிப்படியில் கிடக்கும், ஆளைக் காணோம். கூப்பிட்டால் "படிக்கிறேன்" என்பான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவான், கடைசி பெஞ்சில் உட்காருவான், ஆசீர்வாதம் கூறுமுன் வெளியே பைக் பக்கத்தில் நிற்பான்.

என் மனைவியும் எனக்குத் துணை நிற்பதில்லை. "விடுங்க, தானா வருவான்" என்கிறாள். அவளுக்கு என்ன, சொல்லிவிடலாம். புருஷன் தலையாயிருக்கிறான் என்றுதானே வேதம் சொல்கிறது? நாளைக்கு ஆண்டவர் கணக்குக் கேட்டால் என்னைத்தானே கேட்பார்? எட்டு மணிக்கு வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்காக நைட் ஷிஃப்ட் அலவன்ஸையே வேண்டாம் என்று விட்டவன் நான். எங்கள் ஹாலில் "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்ற வசனம் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அசனத்துக்கு (கோயில் விருந்துக்கு) ஊருக்குப் போனபோது என் தம்பி மனைவி, "மூத்தவன் எங்கே, ஜெபத்துல காணோமே" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். போன மாதம் எங்கள் சபைப் போதகர் ஐயர், தன் பிள்ளைகளை அடக்காமல் விட்டதற்காக ஆண்டவர் கணக்குக் கேட்ட ஆசாரியன் ஏலியைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். என்னைப் பார்த்தே பேசுவது போல இருந்தது.

சின்னவளால் ஒரு தொந்தரவும் இல்லை. 11 வயது. ஞாயிறு பள்ளியில் ஏசாயா 43:1 மனப்பாடம் சொல்லிப் பரிசு வாங்கினாள். போன வாரம் பாய் விரிக்கும்போது, "அப்பா, இன்னைக்கு ஜெபத்துல என் பேரைச் சொல்லாதீங்கப்பா" என்றாள். கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்த வாரம் அது. பிள்ளைகள் ஏதாவது சொல்லும்தானே, சிரித்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி ஏனோ தூக்கம் வரவில்லை. அது கிடக்கட்டும், என் பிரச்சினை மகன்தான்.

அவனுக்காக நான் ஜெபிக்காத நாள் இல்லை. தினமும் அவன் பேரைச் சொல்லி, மாடிக்குக் கேட்கும்படியாகவே சத்தமாக ஜெபிக்கிறேன். அப்படியும் இறங்கி வரமாட்டேன் என்கிறான். அவனை எப்படி மறுபடியும் ஜெபத்தில் உட்காரவைப்பது? கண்டிக்காமல் விட்டால் ஏலியிடம் கேட்டதுபோல ஆண்டவர் என்னிடமும் கேட்கமாட்டாரா?

— ஒரு தகப்பன், கோயம்புத்தூர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். என்னை நிறுத்தியது சின்னவளைப் பற்றிய அந்த நாலு வரிதான். "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தள்ளிவைத்ததைத்தான் நான் கையில் எடுக்கப்போகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததும் அதுதானே?

நானும் ஜெபக் குடும்பத்தில் வளர்ந்தவள்தான். "கர்த்தாவே, இந்த வீட்டிலே ஒரு பிள்ளை பொய் சொல்லுகிறது, அதின் நாவைச் சுத்திகரியும்" என்று பெரியவர் ஒருவர் ஜெபிக்கும்போது, அந்தப் பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு பாய்க் கோரையை நகத்தால் பிய்த்துக்கொண்டிருப்பதை அரைக்கண்ணால் பார்த்திருக்கிறேன். பதில் பேச முடியாது, எழுந்து போக முடியாது. கடைசியில் அந்தப் பிள்ளையும் சேர்ந்து ஆமென் சொல்லவேண்டும். தன்மேல் வைத்த குற்றத்துக்குத் தானே ஆமென்! சாதாரணமாகத் திட்டினால்கூட அழலாம், "நான் அப்படிச் செய்யலை" என்று சொல்லலாம். ஜெபத்தில் திட்டினால் அதற்கும் வழியில்லை.

உங்கள் மகள் மனப்பாடம் செய்த வசனத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். "பயப்படாதே, உன்னை மீட்டுக்கொண்டேன், உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்." தன் பெயர் ஆண்டவருக்குத் தெரியும் என்பதுதான் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற பெரிய ஆறுதல். இதைத் தப்பில்லாமல் சொல்லிப் பரிசு வாங்கிய பிள்ளைதான், தன் பெயர் ஆண்டவர் காதில் விழக்கூடாது என்று உங்களிடம் கெஞ்சியிருக்கிறாள். வசனம் ஞாயிறு பள்ளியில் கற்றது. பயம் எங்கே கற்றது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அலவன்ஸை விட்டுவிட்டு எட்டு மணிக்கு வீட்டில் இருக்கிற தகப்பன்மார் குறைவு. பிள்ளைகள் மேல் உங்களுக்கு இருக்கிற பாரத்தை நான் சந்தேகிக்கவே இல்லை. ஆனால் மாடிக்குக் கேட்கும்படி ஜெபிக்கிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஜெபம் யாருக்குக் கேட்கவேண்டும்? ஆண்டவருக்கு மெதுவாகச் சொன்னாலும் கேட்கும். லூக்கா 18-ஆம் அதிகாரத்தில், தன்னை நீதிமான் என்று நினைத்த பரிசேயனும் ஜெபத்தில்தான் நின்றான். தூரத்தில் நின்ற, வரி வசூலிக்கிற ஆயக்காரனைத் தன் ஜெபத்துக்குள் இழுத்துப் போட்டு, "இந்த ஆயக்காரனைப்போலவும்" என்று கைகாட்டினான். நீங்கள் பரிசேயன் என்று சொல்லவரவில்லை. அடுத்தவனைக் குறை சொல்வதற்கு ஜெபம் எவ்வளவு வசதியான இடம் என்பதை இயேசுவே சொல்லிவைத்திருக்கிறார் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஏலிக்கு வருவோம், அந்தப் பிரசங்கம் உங்களை ரொம்பவே அலைக்கழித்திருக்கிறது. ஏலியின் குமாரர் வளர்ந்த ஆசாரியர்கள். ஜனங்கள் கொண்டுவந்த பலியில் பலவந்தமாகப் பங்கு பிடுங்கினார்கள், ஆராதனை நடக்கிற ஆசரிப்புக் கூடாரவாசலில் கூடுகிற பெண்களைக் கெடுத்தார்கள். அவர்களைத் தடுக்கக்கூடிய பொறுப்பில் இருந்தும் ஏலி வெறும் வாய்வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். உங்கள் மகன் யாரிடமும் எதையும் பிடுங்கவில்லை. மாடியில் உட்கார்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சிலாவது வந்து உட்காருகிறான். வரவே வேண்டாம் என்று நினைக்கிற பையன் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேயோ போயிருப்பான். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். அவன் விட்டது ஆண்டவரை அல்ல, தினமும் தன் பெயர் விசாரணைக்கு வருகிற அந்தப் பாயை. உங்கள் மனைவி அதைப் புரிந்துகொண்டுதான் "விடுங்க" என்கிறார் என்று நினைக்கிறேன். அவரை ஒருமுறையாவது கேட்டீர்களா?

தலை என்ற வார்த்தையை எடுத்தீர்கள். அது இருக்கிற, அப்போஸ்தலர் பவுல் எழுதிய அதே எபேசியர் நிருபத்தில், பக்கம்கூடத் திருப்பவேண்டாம், "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று இருக்கிறது. கொலோசெயரில் காரணமும் இருக்கிறது: "திடனற்றுப்போகாதபடி." தாய்மாருக்கு என்று தனியாக இப்படி எழுதாமல் பவுல் பிதாக்களைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். பிள்ளையை நொறுக்குகிற பலம் யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வெர்ன் பெங்ட்சன் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1970-இல் ஓர் ஆய்வைத் தொடங்கி, 350-க்கும் மேற்பட்ட குடும்பங்களை முப்பத்தைந்து ஆண்டு பின்தொடர்ந்தார். பெற்றோரின் விசுவாசம் எந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் போய்ச்சேருகிறது என்பது அதில் முக்கியமான கேள்வி. பெற்றோர் ஒழுங்காகக் கோயிலுக்குப் போவதும் முன்மாதிரியாக இருப்பதும் முக்கியம் என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் அப்பாவிடம் நெருக்கம் இல்லாவிட்டால் அந்தப் பக்தி பெரும்பாலும் பிள்ளையிடம் போய்ச்சேரவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. ஆண்டவரைப் பிதா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த வார்த்தைக்குப் பிள்ளை முதலில் அர்த்தம் தேடுவது வீட்டில் இருக்கிற அப்பாவிடம்தானே.

இன்னொன்று கேட்கிறேன், எனக்குப் பதில் எழுதவேண்டாம். உங்கள் அப்பாவின் ஜெபம் தெருமுனைக்குக் கேட்டது, நீங்கள் ஐந்து பேரும் அசையவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அவர் உங்கள் பெயரைச் சொன்ன இரவு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

சரி, என்ன செய்யலாம்? மகனை இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள். குடும்ப ஜெபத்தை நிறுத்தவேண்டாம், பத்து நிமிடத்தில் முடியுங்கள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், நன்றி சொல்லும்போது மட்டும் பிள்ளைகளின் பெயர். அவர்கள் குறையை ஆண்டவரிடம் சொல்லவேண்டும் என்றால் "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று இயேசு இடமே குறித்துக் கொடுத்திருக்கிறாரே, அங்கே சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். என்றைக்காவது ஒரு இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் நீங்களும் மாடிக்குப் போய் மகன் பக்கத்தில் உட்காருங்கள். கோயில் பேச்சை எடுக்காதீர்கள். அவன் எழுந்து போனாலும் மறுநாள் போங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சின்னவள் கேட்டதற்கு நீங்கள் சிரித்தீர்கள், அவளுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. இன்றைக்குப் பாய் விரிக்கும்போது அவளிடம், "அன்னைக்கு நீ சொன்னப்போ அப்பா சிரிச்சிருக்கக்கூடாதும்மா, தப்புதான்" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையை ஜெபத்துக்குள் வைக்காதீர்கள். ஜெபத்துக்கு முன்னால், கண்ணைத் திறந்தபடி, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடியும் எழுதுங்கள். மகன் இறங்கி வந்தானா என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் சின்னவளைப் பற்றி எழுதுங்கள்.